ஜப்பான் சீலை

"சீலை எங்க?"

சிட்னிக்கு வெகு தெற்கே, டண்டினொங் வீட்டுக் கட்டிலில் சூட்கேஸ் வாயைப் பிளந்துகொண்டு கிடந்தது. சட்டை, காற்சட்டை, தொழிற்சாலை கொடுத்த தடித்த புத்தகங்கள் எல்லாவற்றையும் யோகராணி வெளியே எடுத்துப் போட்டாயிற்று. கணவன் இந்திரகுமாரின் பதினெட்டு வருடப் பொறியியல் அறிவு அந்தக் கேள்விக்கு முன்னால் கைகட்டி நின்றது.

"கஸ்டம்ஸ்ல பிடிச்சு வைச்சிட்டாங்கள்."

"சீலையையோ?"

"ஓம். பூச்சி மருந்து அடிச்சுத்தான் தருவாங்களாம்."

உண்மை வேறு. எழுபத்தைந்தாம் ஆண்டு கார்த் தொழிற்சாலை அவனை மூன்று கிழமைப் பயிற்சிக்கு ஜப்பானுக்கு அனுப்பியது. போவதற்குப் பத்து நாள் முன்பு ஒரு விருந்தில் நண்பன் கேதீஸ்வரன், "அங்க பின்னேரத்தில பெண்டுகள் கிமோனோ உடுத்து வந்து கிளாசில ஊத்திக் குடுப்பினமாம்" என்று யோகராணியின் காதுபடச் சொல்லித் தொலைத்தான். இரண்டு நாள் அவள் சட்டிபானைகளோடு சண்டை பிடித்தாள். மூன்றாம் நாள், "எனக்கு ஒரு ஜப்பான் சீலை வாங்கி வாங்கோ. ஜப்பானிலேயே வாங்கவேணும்" என்றாள்.

யாழ்ப்பாணத்துக் கலியாண வீடுகளில் ஜப்பான் நைலோன் சீலைக்கு இருந்த மரியாதை மாப்பிள்ளைக்குக்கூட இருந்ததில்லை. ஜப்பான் சீலை ஜப்பானில் இல்லாமல் வேறு எங்கே இருக்கும்? சீலையோடு திரும்பினால் மனுசி நம்புவாள். வெறுங்கையோடு திரும்பினால் கிமோனோக்காரிகளோடு கிடந்தேன் என்பாள். இந்திரகுமார் அப்படித்தான் நினைத்தான்.

லீவு கிடைத்த ஐந்து நாளும் துணிக்கடைதான் பார்த்தான். ஒசாகாவில் எட்டு மாடிக் கடையொன்றில் மாடிக்கு மாடி பெண்கள் இடுப்பு முறியக் குனிந்து, இல்லை என்றார்கள். இவ்வளவு மரியாதையாக அவனை ஒருவரும் துரத்தியதில்லை. நாராவில் கடை விலாசம் எழுதிய கடதாசியைத் தெருவில் திரிந்த ஒரு மான் தின்றது. கியோட்டோவின் பொன் கோயிலைத் துணிக்கடைக் கலண்டரில் தரிசித்தான். நொடி பிசகாத ரெயில்கள் அவனை நொடி பிசகாமல் அடுத்த ஏமாற்றத்தில் இறக்கிவிட்டன. கடைசியாக டோக்கியோவில் ஒரு கிழவர் விளக்கினார்: அந்தத் துணி கப்பலில் ஏற்றத்தான் நெய்யப்படுகிறது, உள்ளூரில் விற்பதேயில்லை. வாழ்க்கையில் ஒரே தடவை வாய்த்த பயணம் அப்படிப் போயிற்று.

கஸ்டம்ஸ் பொய் மூன்று நாள் தாங்கியது. நாலாம் நாள் யோகராணி, "நானே எயார்போட்டுக்குப் போன் பண்ணிக் கேக்கிறன்" என்று எழும்பினாள்.

"வேண்டாம், வேண்டாம்! வேலை முடிய நான் எடுத்துக்கொண்டு வாறன்."

வேலை முடிய அவன் போனது ரஞ்சினி அக்கா வீட்டுக்கு. சிங்கப்பூரிலிருந்து தம்பி அனுப்பும் சீலைகளை முன்னறையில் வைத்து விற்பவள் அவள். அந்தப் பக்கத்தில் சீலைக்கு வேறு போக்கிடம் கிடையாது.

"ஜப்பான் சீலை இருக்கோ அக்கா?"

"இருக்கு. ஆருக்கு?"

"ஊரில தங்கச்சிக்கு அனுப்ப. யோகாவுக்குச் சொல்லிப்போடாதேங்கோ, அவவுக்குப் பிடியாது."

"எனக்கேன் உங்கட குடும்பக் கதை?" என்று சொல்லி அவள் சுற்றிக் கொடுத்தாள்.

இளநீலத்தில் வெள்ளைப் பூ. யோகராணி அதை யன்னலடியில் பிடித்து வெகுநேரம் பார்த்தாள்.

"எங்க வாங்கினனீங்கள்?"

"கியோட்டோவில. பொன் கோயிலுக்குப் பக்கத்துக் கடை."

"அங்க நிறைய வைச்சிருக்கினமோ?"

"கடை முழுக்க! விக்கிற மனுசியே சீலைதான் உடுத்துக்கொண்டு நிண்டது."

"அப்பிடியோ? என்ன வயசிருக்கும்?"

"இருபத்தைஞ்சு," என்று வாய் முந்திவிட்டது. "இல்லையில்லை, அறுபது!"

ஆழம் தெரியாமல் காலை விட்டவன் இப்போது கழுத்தளவில் நின்றான். யோகராணி சீலையை மடித்து அவனுடைய தலையணையில் வைத்தாள். அடுத்தநாள் அவன் வேலையால் திரும்பியபோது வீடு பூட்டிக் கிடந்தது. குசினி மேசையில் ஒரு துண்டு: 'சிட்னிக்கு அண்ணையிட்டைப் போறன். தேட வேண்டாம்.'

"நான் ஒரு பிழையும் செய்யேல்லையே!" என்று இந்திரகுமார் வெறும் வீட்டுக்குச் சொன்னான். ஒரு கிமோனோவைக்கூட நிமிர்ந்து பார்க்காதவன். நாலு நகரத்தின் துணி மூட்டைகளை மட்டும் பார்த்து வந்தவன். கதிரையில் இருந்து சின்னப் பிள்ளை போல அழுதான்.

அழுது முடிய ஆத்திரம் வந்தது. ரஞ்சினிதான் காட்டிக் கொடுத்திருப்பாள் என்று நேரே அவள் வீட்டுக்குப் போனான்.

"அக்கா, நான் சீலை வாங்கினதை யோகாவுக்குச் சொன்னனீங்களோ?"

"அம்மாளாச்சி அறிய இல்லைத் தம்பி!" என்றாள் ரஞ்சினி. "நீங்கள் ஜப்பானுக்குப் போக முந்தி ஒருக்கா வந்தவ, அதோட காணேல்லை. ஜப்பானில ஒரு கடையிலயும் சீலை விக்கிறதில்லை எண்டு அண்டைக்கு நான் சொல்ல, 'நல்லதாப் போச்சு அக்கா, மனுசன் வெறுங்கையோட வந்து நிண்டால் எனக்காகக் கடை கடையா அலைஞ்சிருக்கிறார் எண்டு விளங்கிக்கொள்ளுவன்' எண்டு சிரிச்சுக்கொண்டு போனவ."