புட்டியில் இறங்கிய நோய்

அன்று ஒளி வைத்தியரின் அறையில் யார் யார் எங்கே உட்கார்ந்திருந்தார்கள் என்பதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. இப்போது கேட்டால் பாதிப் பேர், "நான் அந்தப் பக்கமே போகலையே" என்று சாதிக்கிறார்கள்.

முன்வரிசையில் பள்ளி ஆசிரியர், மடியில் மூட்டுவலி. அடுத்து பேக்கரிக்காரரும் மனைவியும், ஆளுக்கொரு சர்க்கரை. கறுப்புத் துணி அடித்த ஜன்னலோரம் சலவைக் கடைக்காரர். மூன்றாம் வரிசையில் பார்சல் ஆபீஸ் அக்கா. பக்கத்தில் அவள் தங்கை, பித்தப்பைக் கல்லைக் கைக்குழந்தை மாதிரி அணைத்தபடி. இடமில்லாமல் நின்றவர்கள் இருபது பேர். எல்லார் நோயும் கண்ணாடிப் புட்டியில் இருந்தது.

ஒளி வைத்தியரின் மகத்தான கண்டுபிடிப்பு அது. நோயாளி உடுத்திய துணியில் ஒரு துண்டை, மரத்தூள் நிரப்பிய புட்டிக்குள் வைப்பார். நோய் உடம்பை விட்டு மரத்தூளில் இறங்குமாம். இறங்க இறங்க இருட்டில் பச்சையாக ஒளிருமாம். வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ள மூன்றே விதி. வெயில் படக்கூடாது. தினம் இரண்டு வேளை, காய்ச்சி ஆறிய தண்ணீர் தெளிக்க வேண்டும். மூடியை இறுக்கக் கூடாது, நோய்க்கு மூச்சு முட்டும்! வீட்டுக்கு வீடு அலமாரிக்குள் நோய் வளர்ந்தது. மாத்திரை போட மறந்தவர்கள்கூடத் தண்ணீர் தெளிக்க மறக்கவில்லை.

விளக்கு அணைந்தது.

"பத்து நிமிஷம் கண்ணை மூடுங்க. மனசுல அழுக்கு இருந்தா ஒளி தெரியாது" என்றார் வைத்தியர்.

பத்து நிமிடம் இருட்டில் இருந்தால் எந்தக் கண்ணும் மங்கலான ஒளிக்குப் பழகிவிடும், அழுக்கு மனசுக்காரன் கண்ணும்தான். திறந்தார்கள். அறை முழுக்கப் பச்சைப் பச்சையாக நோய்கள்.

"என் மூட்டுவலி எப்படி ஜொலிக்குது பாத்தீங்களா?"

"அட போங்க வாத்தியாரே! என் வீட்டுக்காரி சர்க்கரைக்கு முன்னால உங்களுது வெறும் மின்மினி."

தங்கை அக்காவின் கையைப் பிடித்தாள். "பாருக்கா, கல்லு கரைஞ்சு இறங்குது. ஆபரேஷன் வேணாம்னு ஆஸ்பத்திரிக்கு எழுதிப் போட்டது நல்லதாப் போச்சு."

"நேத்து வலியில சுருண்டு கெடந்தியேடி?"

"அது வெளிய போற வலி."

இன்னும் தள்ளிப்போட்டால் உயிருக்கு உத்தரவாதமில்லை என்று டாக்டர் சொல்லியிருந்தார். வைத்தியர் பெயருக்கு மாதாமாதம் வரும் பெட்டியை எடைபோட்டு இறக்குபவளும் அக்காதான். பெட்டியின் மேலேயே கொட்டை எழுத்தில் 'ஒளிரும் காளான் வளர்ப்பு மரத்தூள்' என்று இருக்கும். தங்கையிடம் சொல்லியும் பார்த்துவிட்டாள். "ரகசியம் வெளிய தெரியக் கூடாதுன்னு அப்படி எழுதச் சொல்லியிருப்பாரு" என்று பதில் வந்தது. இதற்கு மேல் என்ன பேச?

எழுந்து, தன் கையிலிருந்த புட்டியை நீட்டினாள். மூன்று வாரத்துக்கு முன், வர முடியாத ஒரு நோயாளியின் துணியைக் கொடுத்து வாங்கியது.

"ஐயா, இவருக்கு எப்படி இருக்கு?"

அறையிலேயே பிரகாசமான புட்டி அதுதான். கூட்டம் வாயைப் பிளந்தது.

"முக்கால்வாசி இறங்கிடுச்சும்மா. இவருக்கு ராத்தூக்கமே கிடையாது. வயித்துல வாயு. எல்லாத்துக்கும் மேல, மாமியார் தொல்லை."

"ஐயோ, ஆமாங்க" என்றார் பேக்கரிக்காரர், யாரும் கேட்காமலே. அவர் பக்கத்திலிருந்த சர்க்கரை வெடுக்கென்று ஒரு முழம் தள்ளிப் போனது.

"நிச்சயமாத்தானே சொல்றீங்க?"

"ஒளி பொய் சொல்லாதும்மா."

"அப்ப விளக்கைப் போடுங்க. நோயாளியைக் கையோட கூட்டிட்டு வந்திருக்கேன்."

கதவருகே இருந்த பையை அவிழ்த்து மேசைமேல் வைத்தாள். பார்சல் ஆபீசின் பழைய தராசு! புட்டிக்குள் இருந்தது அதன்மேல் போர்த்தும் துணியின் துண்டு.

"வாயு இவருக்குத்தான். மாமியார் யாருன்னு நீங்களே விசாரிச்சுச் சொல்லுங்க."

"இரும்புக்கும் உயிர் உண்டு..." என்று வைத்தியர் இழுத்தார்.

"அப்படின்னா எங்க இஸ்திரிப் பெட்டிக்கும் ஒரு புட்டி குடுங்க சாமி, அதுக்கு ஓயாத காய்ச்சல்!" என்றார் சலவைக் கடைக்காரர். சிரிப்பில் ஜன்னல் துணியே கழன்று விழுந்தது.

அதே காளானைத் தன் பெயருக்கே வரவழைத்திருந்தாள் அக்கா. கூட வந்த வளர்ப்புக் குறிப்பை எல்லாரும் கேட்க உரக்கப் படித்தாள். வெயில் கூடாது, ஈரம் காயக்கூடாது, மூடியை இறுக்கக் கூடாது. மூன்று விதியும் வரிசை மாறாமல் வந்தன.

"அப்ப என் மூட்டுவலி?" என்றார் ஆசிரியர் பரிதாபமாக.

"மூட்டுலயேதான் சார் இருக்கு."

தங்கை மட்டும் சிரிக்கவில்லை. "இதுக்காக்கா வேளை தவறாமத் தண்ணி தெளிச்சேன்?"

"நல்லாத்தான் வளத்திருக்கே. அழகுக்கு வச்சுக்க. முதல்ல ஆஸ்பத்திரிக்கு எழுது, வா."

தங்கை பார்சல் ஆபீஸ் பெஞ்சில் உட்கார்ந்து எழுதினாள். அறுவை சிகிச்சைக்கு மறுபடி தேதி கேட்டாள். முன்பு வேண்டாம் என்றதற்குக் காரணம் சொல்ல வேண்டிய இடத்தில் பேனா நின்றது. பிறகு ஒரே மூச்சில் எழுதினாள்: 'காளான் வளர்த்துக்கொண்டிருந்தேன்.'

அக்கா உறையை ஒட்டித் தராசில் வைத்தாள். தூக்கமில்லாத, வாயு பிடித்த, மாமியாரிடம் வதைபட்ட அந்தத் தராசு எடையைச் சரியாகக் காட்டியது. எதைக் கொண்டுவந்து வைத்தாலும் நிறுத்துப் பார்க்காமல் ஒப்புக்கொள்கிற பழக்கம் அதற்குக் கிடையாது. துருப்பிடித்த இரும்புக்கு இருக்கிற அந்தப் புத்தி, தலைக்குள் மூளை வைத்திருக்கிற நமக்கும் வரக்கூடாதா? முத்திரை விழுந்தது. கடிதம் அவசரத் தபால் பைக்குள் போனது.