நீ உடைத்துப் போட்ட மூன்று கான்கிரீட் கட்டைகள்

அடி அண்ணாமலை
14-2-81

வேலூரில் இஞ்சினியர் உத்தியோகம் பார்க்கும் என் தங்கை மகன் சிரஞ்சீவி பலராமனுக்கு மாமன் சின்னசாமி எழுதுவது. இங்கே நான், உன் அத்தை திரௌபதி, கறவை மாடு எல்லோரும் சுகம். உன் சுகத்தை நாளைக்கு விசாரிக்கிறேன். இன்றைக்குக் கோபமாக இருக்கிறேன்.

இது நானே என் கையால் எழுதும் முதல் கடிதம். முதியோர் பள்ளியில் ஏழு மாதம் உட்கார்ந்தது வீண் போகவில்லை. மத்தியானம் ஆரம்பித்தேன், இப்போது பால் கறக்கிற நேரம். விரல் வலிக்கிறது, விட மனசு வரவில்லை. முதல் கடிதத்திலேயே மருமகனைத் திட்ட வேண்டி வந்ததுதான் வருத்தம்.

ஓலைக் கூரையைப் பிரித்துத் தளம் போடப் போகிறேன் என்றதும், "கலவை சரியாக இருந்தால்தான் தளம் நிற்கும் மாமா, முதலில் மூன்று கட்டை செய்து அனுப்புங்கள், பார்த்துச் சொல்கிறேன்" என்று இரும்பு அச்சு கொடுத்தாய். நீ சொன்னபடியே ஒரு பங்கு சிமெண்ட், ரெண்டு பங்கு மணல், நாலு பங்கு ஜல்லி. ரெண்டு கிலோ சிமெண்ட்டுக்கு ஒரு லிட்டர் தண்ணீர், அதற்கு மேல் சொட்டு கூடாது என்றாய். பால் அளக்கிற லிட்டரில் அளந்து ஊற்றினேன். கருப்பன் மேஸ்திரி பக்கத்தில் நின்று, "பெரியவரே, தண்ணி இவ்ளோ கம்மியா ஊத்தினா இது கான்கிரீட்டா, உப்புமாவா? நாலு சொம்பு ஜாஸ்தி வுட்டாத்தான் கொழகொழன்னு எறங்கும்"னு சிரிச்சான். நான் அசையலை. அப்புறம் இருபத்தெட்டு நாள் மாட்டுத் தொட்டியில ஊறப் போட்டேன். "மாடு தாகத்துல நிக்குது, உங்க கல்லு குளிக்குது"ன்னு உன் அத்தை தெனம் திட்டினா. பௌர்ணமி அன்னைக்கு மூணையும் ரோட்டோரம் வெச்சுட்டு பஸ்ஸுக்கு நின்னா, மலை சுத்த வந்த அம்மா ஒருத்தங்க மூணுக்கும் குங்குமம் வெச்சு, "எந்த சாமிங்க இது?"ன்னு கேக்கறாங்க. "வேலூருக்குப் போற சாமி"ன்னேன். கன்னத்துல போட்டுக்கிட்டாங்க.

அப்படி அனுப்பினதுக்கு நேத்து உன் இன்லண்டு லெட்டர் வந்தது. தபால்காரர் படிச்சுக் காட்டட்டுமான்னு கேட்டார். "குடுய்யா, நானே படிப்பேன்"னு வாங்கி, கருப்பனை எதிர்ல உக்கார வெச்சு, எழுத்துக் கூட்டி சத்தமா படிச்சேன். "மாமா, நீங்கள் அனுப்பிய மூன்று கட்டைகளையும் மிஷினில் வைத்து உடைத்துவிட்டோம்." அவ்ளோதான், பக்கம் முடிஞ்சு போச்சு. ஏம்பா, கை தவறி உடைஞ்சதுன்னாகூட மனசு ஆறும், மிஷின் வெச்சா உடைப்பாங்க? கருப்பன் துண்டால வாயைப் பொத்திக்கிட்டு, "பாத்தீங்களா, உங்க உப்புமா தாங்கலை. வெள்ளிக்கிழமை தளத்துக்கு என் கணக்குப்படி தண்ணி வுடறேன்"னான். சரின்னுட்டேன். பர்மிட்டுக்கு ஆறு மாசம் அலைஞ்சு வாங்கின முப்பது மூட்டை சிமெண்ட், கெட்டுப் போனா இன்னொரு மூட்டை கிடையாது. சித்திரையில பிரசவத்துக்கு வர்ற என் பொண்ணு கஸ்தூரி அந்தத் தளத்துக்குக் கீழேதான் படுக்கணும். இனிமே உன் கலவை எனக்கு வேணாம்.

அண்ணாமலையார் உனக்கு நீண்ட ஆயுசும், எதையும் உடைக்காத கையும் கொடுக்கட்டும்.

உன் மாமன்,
சின்னசாமி
(கைநாட்டு இல்லை, கையெழுத்து)

பி.கு.: உன் விலாசத்தைப் பார்த்து எழுத இன்லண்டைத் திருப்பினேன். மடிப்புக்குள்ள இன்னும் நாலு வரி இருக்கு! "உடையும்வரை பாரம் ஏற்றுவதுதான் சோதனை. முப்பத்திநாலு டன் தாங்கினாலே போதும், ஒவ்வொன்றும் நாற்பத்தைந்து தாங்கியது. இதே கலவையில் தளம் போடுங்கள். மேஸ்திரியைத் தண்ணீர் கூட்ட விடாதீர்கள்." மேலே எழுதினது எதையும் மனசுல வெச்சுக்காதே. கிழிச்சுப் போட மனசு வரலை, அதனால அனுப்பறேன். கருப்பன் இந்நேரம் டீக்கடையில என் படிப்பைச் சொல்லி சிரிச்சிக்கிட்டிருப்பான், மடிப்பைப் படிச்சுக் காட்டப் போறேன். இனிமே மடிப்புல எழுதினா, முதல் பக்கத்து அடியிலயே "இன்னும் இருக்கு"னு எழுதிடுப்பா. பள்ளிக்கூடத்துல எழுத்துதான் சொல்லிக் குடுத்தாங்க, இன்லண்டுக்கு எத்தனை பக்கம்னு சொல்லலை.