கால் மயிரிழை

"போச்சு! கம்பியோட ஒரு முனை கால் மயிரிழை தடிமனா இருக்கு!" என்று தலையில் கை வைத்துக்கொண்டார் தலைமை குமாஸ்தா.

புதிதாக வாங்கிய லேத் என்கிற கடைசல் மெஷினுக்கு இடம் பண்ணுகிறேன் என்று மனைவியின் தையல் மெஷினை நகர்த்தி, அதன் சக்கரத்தைத் தாங்கும் கம்பியை முறித்த புண்ணியவான் அவர்தான். அந்தப் பழைய மெஷினுக்குக் கடையில் பாகம் கிடைப்பதில்லை. "நானே கடைஞ்சு தர்றேன்" என்று வாக்குக் கொடுத்துவிட்டார். கல்யாணமாகி இருபது வருஷத்தில் ஓர் ஆணிகூட நேராக அடித்ததில்லை. இந்த ஒரு கம்பியிலாவது மானத்தைக் காப்பாற்றிக்கொள்ள வேண்டும் என்று துடித்தார்.

கடைந்த கம்பியைத் தகர டப்பாவில் வீசிவிட்டு, போனில் 'வீட்டு லேத் நண்பர்கள்' குழுவில் சேர்ந்தார். சேர்ந்தவர் வாயைப் பிளந்தார். ஒரு பல் டாக்டர் கட்டைவிரல் உயரத்தில் நீராவி இன்ஜின் செய்திருந்தார். அது நிஜமாகவே புகை விட்டது. 'மைக்ரான்' என்று எல்லோரும் அழைத்த பள்ளி பஸ் டிரைவர் ஒரு திருகு கடைந்திருந்தார். தூசி அளவுதான், ஆனால் அதற்கொரு நட்டும் இருந்தது. இவர்களும் நம்மைப் போல இரண்டு கை உள்ள மனிதர்கள்தானா என்று குமாஸ்தாவுக்குப் புல்லரித்தது.

தன் மயிரிழைக் கதையைச் சொன்னார்.

"லேத் மட்டமா இல்ல. காலுக்கு அடியில தகடு வைங்க" என்றார் பல் டாக்டர்.

வைத்தார். மறுபடி கடைந்தால், கால் மயிரிழை அரை மயிரிழையானது.

"மேஜை ஆடுது சார். சுவத்தோட சேத்து போல்ட் போடுங்க" என்றார் இன்னொருவர்.

துளை போட்டார். சுவருக்குள் ஓடிய தண்ணீர்க் குழாய் அவர் முகத்தில் பீய்ச்சியடித்தது. அதை அடைத்துவிட்டுக் கடைந்தால், அரை மயிரிழை ஒரு மயிரிழையானது.

மனைவி ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை. "அவசரமே இல்லைங்க. நிதானமா செய்யுங்க. சட்டையெல்லாம் எண்ணெய், முதல்ல இதைப் போட்டுக்குங்க" என்று நாலு பை வைத்த புது ஏப்ரனை மாட்டிவிட்டாள். மைக்ரானின் திருகைவிட இவள் பொறுமைதான் பெரிய அதிசயம் என்று நெகிழ்ந்துபோனார் குமாஸ்தா. மூலையில் துணி போர்த்திக் கிடந்த மெஷினைப் பார்க்கத்தான் கூசியது.

மூன்றாவது வாரம், குழுவின் யோசனைப்படி லேத்தை அக்கக்காகக் கழற்றித் துடைத்து மறுபடி பூட்டினார். ஏழு திருகு மிச்சமானது. லேத் அசையவே இல்லை.

படம் எடுத்துக் குழுவில் போட்டார். எல்லோரும் அனுதாபம் சொன்னார்கள். மைக்ரான் மட்டும், "எதையும் தொடாதீங்க. ஞாயித்துக்கிழமை நானே வர்றேன்" என்றார்.

குமாஸ்தா அதைத் திரும்பத் திரும்பப் படித்தார். மைக்ரான்! இந்த வீட்டுக்கு!

சொன்னபடியே வந்தார். லேத்தின் மேல் கையை வைத்து, கண்ணை மூடி, காதைக் கொடுத்துக் கேட்டார். ஏழு திருகும் ஒவ்வொன்றாக அதனதன் இடத்துக்குப் போயின. விசையைத் தட்டினார். லேத் சத்தமே இல்லாமல் சுழன்றது. குமாஸ்தாவுக்குக் கண் கலங்கிவிட்டது.

"இனி அந்த மயிரிழையைப் பிடிச்சுடலாம்" என்றார் மைக்ரான். "முதல்ல கடைஞ்ச கம்பி எங்க? அதைப் பாத்தாத்தான் கோளாறு புரியும்."

குமாஸ்தா டப்பாவைக் கவிழ்த்தார். அரை மயிரிழைக் கம்பி இருந்தது, ஒரு மயிரிழைக் கம்பி இருந்தது, முதல் கம்பியை மட்டும் காணோம். மேஜைக்கடியில் தவழ்ந்தார். மைக்ரானும் தவழ்ந்தார்.

கூடத்தில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த மாமியார் மூக்குக்கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொண்டு எட்டிப் பார்த்தார்.

"அதை எங்க மாப்ளை தேடறீங்க? அதை அன்னிக்கே என் பொண்ணு எடுத்து மெஷின்ல மாட்டிட்டாளே! நீங்க போட்டிருக்கற ஏப்ரன்கூட அதுல தைச்சதுதான்."