மாமியாருக்காகப் போன மீசை

போடிநாயக்கனூரில் டீசல் குடிக்கும் எதுவும் கோளாறிடம் பொய் சொல்லித் தப்பியதில்லை. தப்பியவன் நான் ஒருவன்தான். நான் குடிப்பது டீ.

கோளாறு என்பது பட்டப்பெயர். பொக்லைன், ரோடு ரோலர், பாறை உடைக்கும் வண்டி என்று கம்ப்யூட்டர் வைத்த பெரிய வண்டிகளின் எஞ்சினுக்கு வைத்தியம் பார்ப்பவர். எந்த வண்டியைப் பார்க்கப் போனாலும், ஜீப்பிலிருந்து இறங்கும்போதே, “கோளாறு வண்டியில இல்ல, ஒங்ககிட்ட இருக்கு” என்பார். பெற்றவர்கள் வைத்த பெயர் ரேஷன் கார்டுக்கு மட்டும் தெரியும்.

ஆள் ஒல்லி. மீசை மட்டும் இரண்டு ஆளுக்கானது. முதுகுப் பக்கம் நின்று பார்த்தாலும் இரு முனையும் தெரியும். ஜீப்பில் ஒரு லேப்டாப், ஒரு மீட்டர், மனைவியிடமிருந்து பறித்த ஹேர் டிரையர். மலையில் மஞ்சு இறங்கினால் ஒயர் முனைகளில் ஈரம் கோத்துவிடும். பொக்லைனின் வயிற்றைத் திறந்துபோட்டு, கல்யாணப் பெண்ணுக்குக் கூந்தல் உலர்த்துவதுபோல ஒயருக்குச் சூடான காற்று காட்டுவார்.

எஞ்சினின் சூடு, வேகம், அழுத்தம் எல்லாவற்றையும் கம்ப்யூட்டரிடம் போய்ச் சொல்லும் சென்சார்களுக்கு அவர் உறவுமுறை வைத்திருந்தார். எஞ்சின் சுற்றுவதைச் சொல்லும் சென்சார் மூத்த மாப்பிள்ளை. அவர் முறைத்துக்கொண்டால் வீட்டில் ஒரு காரியமும் தொடங்காது. டீசலில் தண்ணீர் கலந்திருப்பதைக் காட்டிக்கொடுப்பது குடிகாரன் பெண்டாட்டி. சூட்டைச் சொல்லும் சென்சார் மாமியார். மாமியார் கத்தினால் கம்ப்யூட்டர் பயந்துபோய் எஞ்சினின் வேகத்தை அடக்கிவிடும்.

“மாமியா கத்துறாளேன்னு ஒடனே ஆளை மாத்தக் கூடாது சார். சூடு நெசமான்னு பாக்கணும். நெசமில்லேன்னா, அவ காதுல எவன் ஓதுறான்னு பாக்கணும். ஒயரைப் பாக்கணும்.”

அப்படிப் பார்க்காமல் சென்சாரைக் கழற்றி எறிபவர்களை அவர் “மாத்திப் பாக்குறவய்ங்க” என்பார். அவர் வாயில் அதைவிடக் கெட்ட வார்த்தை நான் கேட்டதில்லை. பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் ஒருநாள் பெஞ்சில் ஏறி நின்றே அறிவித்தார்: “நல்லாருக்குற சென்சாரைக் கழட்டிட்டு நான் புதுசு மாட்டுனேன்னா, இந்த மீசை எனக்கில்ல மாப்ளே!”

டீக்கடை முழுக்கச் சாட்சி. எதிர்க்கடை சலூன்காரரும் சாட்சி. அவர் அன்றிலிருந்து அந்த மீசையைத் தொழில் முறையில் கவனித்துவந்தார்.

நான் கல்லூரியில் இயற்பியல் கற்பித்து ஓய்வு பெற்றவன். சும்மா இருக்கத் தெரியாமல் ஒரு பழைய பொக்லைனை வாங்கி, போடிமெட்டுக்கு மேலே ஏலத்தோட்டங்களில் பாதை வெட்ட விட்டிருந்தேன். ஓட்டியவர் சிலமலை தங்கராசு. எனக்கும் அங்கே கையகலத் தோட்டம் உண்டு. பறித்த பச்சைக் காயை ஸ்டோரில் கொடுத்துத்தான் உலர்த்த வேண்டும். ஸ்டோரிலோ பெரிய தோட்டத்துக்காரர்களுக்குப் பிறகுதான் நம் முறை வரும்.

ஒரு சாயங்காலம், வேலை முடித்து நிறுத்திய பொக்லைனின் எஞ்சினருகே கையை நீட்டிப் பார்த்தேன். நல்ல அனல். எத்தனை வெப்பம் வீணாகிறது! எனக்குள் இருந்த வாத்தியார் விழித்துக்கொண்டார். மூடியைத் திறந்து, பச்சை ஏலக்காய்ச் சாக்கை எஞ்சின் மேல் படுக்க வைத்தேன்.

“சார், கோளாறண்ணே பாத்தா வையும்” என்றார் தங்கராசு.

“அவருக்கு இயற்பியல் தெரியுமாய்யா?”

மறுநாள் காலை சாக்கை எடுத்து ஒளித்துவிட்டு வண்டியைக் கிளப்பினோம். பல் கிட்டும் குளிர். வண்டியோ உடம்பெல்லாம் கொதிக்கிறது என்று சிவப்பு விளக்கைப் போட்டுக் கத்தியது. எஞ்சின் முனகியதே தவிர வேகம் ஏறவில்லை. மதியம் தானாகச் சரியானது. அடுத்த காலை மறுபடியும் அதே கூச்சல்.

கோளாறு வந்தார். மஞ்சு விலகாமல் அவர் மெட்டு ஏற மாட்டார். வருவதற்குள் எஞ்சினின் சூட்டிலேயே ஒயர் முனைகள் காய்ந்துவிடும். ஒயரை ஆட்டினார், இழுத்தார், லேப்டாப்பை முறைத்தார். மாமியார் குழந்தைபோல் சாந்தமாக இருந்தாள். பிறகு விசாரணை.

“சார், எஞ்சினுக்குப் பக்கத்துல ஈரமா எதையும் வச்சீகளா?”

தங்கராசு வானத்தைப் பார்த்தார். வானத்தில் ஒன்றும் இல்லை.

“இயற்பியல் படிச்சவன்யா நான்” என்றேன். “எஞ்சின்ல கொண்டுபோய் எதை வைப்பேன்?”

உண்மையைச் சொன்னால், சாயங்காலத்துக்குள் என் சாக்கு போடி டீக்கடைகளையெல்லாம் ஒரு சுற்று சுற்றிவிடும் என்ற பயம். சாக்கையும் நான் நிறுத்தவில்லை. ஒரு மூட்டைக் காயிலிருந்து ராத்திரி முழுக்கக் கிளம்பும் ஆவி, ஆறிப்போன எஞ்சினில் எங்கே போய்ப் படியும் என்று யோசிக்காத இயற்பியல் என்னுடையது.

மூன்றாவது முறை அவர் வந்தபோது நான் பொறுமையிழந்து, புதுச் சென்சாரை நானே வாங்கிவந்து அவர் கையில் திணித்தேன். “மாத்துய்யா, வெரசா! பாதை வேலை கெடக்குது.”

அவர் மீசையைத் தடவிக்கொண்டே வெகுநேரம் யோசித்தார். “ஒயர் நல்லாருக்கு. ஈரம் பட வழியில்லேன்னு சாரே சொல்லிட்டாக. அப்ப மிச்சம் மாமியாதான்” என்று சொல்லி மாற்றினார்.

மறுநாள் காலை, புது மாமியாரும் கத்தினாள்.

அன்று டீக்கடையில் நடந்ததை என்னால் மறக்க முடியாது. கோளாறு பழைய சென்சாரைப் பையிலிருந்து எடுத்தார். “அண்ணே, ஒரு கிளாஸ் வெந்நி கொண்டா” என்றார். அதில் சென்சாரின் முனையை முக்கி, மீட்டரை மாட்டினார். சூட்டில் எண் இறங்குவதுதான் அந்தச் சென்சாரின் இயல்பு; வெந்நீரில் மீட்டரின் எண் மளமளவென்று இறங்கியது. தண்ணீர் ஆற ஆற ஒழுங்காக ஏறியது. கூட்டம் மூச்சுவிடாமல் பார்த்தது.

“மாமியா நல்லவ” என்று அறிவித்துவிட்டு, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எதிரே சலூனுக்குள் போய் உட்கார்ந்தார்.

நான் வாயைத் திறந்தேன். சொல்லிவிட வேண்டும் என்றுதான் திறந்தேன். திறந்த வாயில் டீயை ஊற்றிக்கொண்டேன்.

சலூன்காரர் இரண்டு தடவை கேட்டுக்கொண்டுதான் மீசையை வழித்தாராம். கோளாறு வீட்டுக்குப் போனபோது அவர் மனைவி, “அவுக இல்லீங்க, மேல சோலிக்குப் போயிருக்காக” என்று கதவைச் சாத்திவிட்டாராம்.

அன்றோடு சாக்கை நிறுத்தினேன். மாமியாரும் அமைதியானாள். ஆனால் கோளாறு விடவில்லை. “காரணம் தெரியாமப் போன நோவு திரும்ப வரும் சார்” என்று கூலி கேட்காமலே வந்து எஞ்சினைக் குடைந்தார். பிறகு திடீரென்று அதைப் பற்றிப் பேசுவதை விட்டுவிட்டார்.

கொஞ்ச நாள் கழித்து எங்கள் வீட்டுப் பக்கம் வந்தார். என் மனைவி டீ கொடுத்தாள். ஒரு வாய் உறிஞ்சிவிட்டு, “ஆத்தா, ஏலக்கா சரியாக் காயல” என்றார். பிறகு என் பக்கம் திரும்பி, மெதுவாக, “எஞ்சின் சூடு பத்தாது சார். ஸ்டோர்லயே போட்டுருங்க” என்றார்.

நான் டம்ளரைக் கீழே வைத்தேன். “எப்படித் தெரியும்?”

“ஒயருக்கு அடியில ஒரு காய் ஒட்டிக்கெடந்துச்சு. அந்த மலையில எதை மோந்தாலும் ஏலக்கா வாசந்தான். மூக்கு ஏமாந்துபோச்சு.”

“ஊருல சொல்லியிருக்கலாமேய்யா. உங்க மேல தப்பில்லையே.”

“நல்ல சென்சாரை மாத்துனது நாந்தான சார்? அதுபோக, சொன்னா இவய்ங்க ஒங்க மீசையைக் கேப்பாய்ங்க. ஒங்களுக்கு அது இல்லையே!” என்று சொல்லி டீயை முடித்தார்.

போடியில் இன்றும் பலர், கோளாறு ஒரு தடவை தோற்றதாகத்தான் சொல்கிறார்கள். அவர் தோற்றது மாமியாரிடம் இல்லை, என்னை நம்பித்தான். அவர் மீசையைப் பணயம் வைத்த அதே டீக்கடையில், நான் இதை எழுதும் இந்தப் பத்திரிகையும் தொங்கும், வாசித்துக்கொள்ளட்டும்.

மீசை இப்போது முன்னைவிடப் பெரிதாக வளர்ந்துவிட்டது. வண்டிக்கு ஏதாவது என்றால் வருகிறார். முதலில் எஞ்சின் மூடியைத் திறந்து மோந்து பார்க்கிறார். “சுத்தம்” என்கிறார். பிறகு என்னையும் ஒரு தடவை பார்த்துக்கொள்கிறார்.

வண்டி ஒரு குறையும் இல்லாமல் ஓடி, அவர் வராத மாதங்கள்தான் இப்போதெல்லாம் எனக்குக் கொஞ்சம் நீளமாகத் தெரிகின்றன.