மாஸ்டரின் இடுப்புக் கயிறு

"பிறகு எங்களுக்கு ரெண்டு மாடு என்னத்துக்கு?"

"உங்கட முதுகு போனாப் பிறகு பால் வித்துச் சீவிக்கத்தான்."

"முதுகு போகாது எண்டுதானே மாஸ்டர் சொல்லுறார்! அந்தக் கயிறைக் கட்டினா எண்பது வயசிலயும் வலை இழுக்கலாமாம்."

இதைச் சொன்ன ஸ்ரனிஸ்லஸ், முல்லைத்தீவுக் கரையில் கரைவலை இழுப்பவர். காலையில் பாயை விட்டு எழும்பவே சுவரைப் பிடிப்பவர். மனைவி அற்புதம் மேலே வாய் திறப்பதற்குள் மாடுகளை அவிழ்த்துக் கடற்கரைக்கு ஓட்டினார். மாட்டை விற்று மந்திரக் கயிறு வாங்குவதை முன்னேற்றம் என்று நம்புகிற மனிதரோடு என்ன கதைப்பது? அவளும் பின்னால் நடந்தாள்.

கடற்கரையில் திருவிழாக் கூட்டம். யேசுவை நம்பியவர்கள், பிள்ளையாரை நம்பியவர்கள், இரண்டு பேரையும் நம்பிப் பார்த்துக் களைத்தவர்கள். நடுவில் சக்தி மாஸ்டர். முதுமையையே ஒழித்துவிட்டவருக்குத் தலைமயிருக்கு மட்டும் மை தேவைப்பட்டிருந்தது. வருகிறவர்களுக்கு அலைச்சல் வேண்டாமென்று மாட்டு வியாபாரியையும் கூடவே கூட்டி வந்திருந்தார். அவ்வளவு கருணை!

முதலில் வெறும் இடுப்பு. மாஸ்டர் ஸ்ரனிஸ்லஸின் நெஞ்சில் விரலால் தள்ளினார். மனிதர் பின்னுக்குத் தடுமாறினார். பிறகு மந்திரம், பிறகு கயிறு. இப்போது மாஸ்டர் முன்னால் நின்று அந்தக் கயிற்றைப் பிடித்து இழுத்தார். ஸ்ரனிஸ்லஸ் மலை மாதிரி நின்றார். கூட்டம் கை தட்டியது.

அற்புதம் கணவரின் குதிக்காலைப் பார்த்தாள். அது மணலில் புதைந்திருந்தது. உடம்பு பின்னுக்குச் சாய்ந்திருந்தது. இத்தனை காலமும் வலைக்கயிற்றை இடுப்பில் மாட்டி இப்படித்தானே சாய்கிறார்! முன்னுக்கு இழுத்தால் யானையாலும் அசைக்க முடியாது. பின்னுக்குத் தள்ளினால் கோழியே விழுத்திவிடும்.

"மாஸ்டர், இப்பதான் கயிறு கட்டியாச்சே. முதல் மாதிரி நெஞ்சில தள்ளுங்கோவன்."

"சக்தியைச் சோதிக்கக் கூடாதம்மா."

"நீங்கள் சோதிக்கலாம், நான் சோதிக்கக் கூடாதோ?"

ஒரு விரல்தான் வைத்தாள். ஸ்ரனிஸ்லஸ் கயிறும் தானுமாய் மணலில் மல்லாந்தார். அடுத்து, வரிசையில் நின்ற இன்னொரு வலைக்காரன் கிறிஸ்தோப்பர் இடுப்பில் உடுத்தியிருந்த சாரத்தைப் பிடித்து முன்னுக்கு இழுத்தாள். கயிறே கட்டாத அவன் அசையவேயில்லை.

"மெல்லமா அக்கா, சாரம் கழண்டிடப் போகுது!"

கூட்டம் சிரித்தது. மாஸ்டர் மோட்டார் சைக்கிளை நோக்கி ஓடினார். மாட்டு வியாபாரி அதற்கு முன்பே ஏறியிருந்தான்.

புகை அடங்கியதும் ஒரு குரல், "வேற மாஸ்டர் ஆரும் இருக்கினமோ?" என்றது.

அற்புதம் இடுப்பில் கை வைத்துத் திரும்பினாள்.

"மாஸ்டர் போயிட்டார். முதுகும் ஒருநாள் போகும். அதுக்குப் பிறகு என்னத்தைச் சாப்பிடப் போறியள்? கும்பிட்டுக் கேக்கிறன், ஆரையும் தேடாம நீங்களே ஒருக்கா யோசிச்சுச் சொல்லுங்கோ."