டிரைவர் செல்லசாமியின் ரொக்கெட்

ஆண்டியப்பன் விட்ட ரொக்கெட் வானத்துக்குப் போகவில்லை. லயத்து இஸ்தோப்புத் திண்ணையைத் தாண்டி, வாழை மரத்தை ஒரு சுற்றுச் சுற்றி, பக்கத்து வீட்டு ராக்காயியின் கோழிக்கூட்டுக்குள் போனது.

உள்ளே பெரிய கலவரம் நடந்தது. கடைசியாக வெளியே வந்த சேவலுக்கு வாலில் பாதி இல்லை.

"அண்ணே, வானம் மேல இருக்கு" என்றாள் ராக்காயி, கூட்டின் கதவைச் சாத்திக்கொண்டே.

அவள் சொன்னதைக்கூட ஆண்டியப்பன் பொறுத்துக்கொண்டார். அவள் புருஷன் செல்லசாமி ஓடி வந்து, கரிந்துபோன காகிதக் குழாயை எடுத்துத் தூசி தட்டி, "பரவாயில்லண்ணே, மொத தடவ எல்லாருக்கும் இப்புடித்தான்" என்று ஆறுதல் சொன்னான். அதைத்தான் அவரால் தாங்க முடியவில்லை. ஏசியிருந்தால் திருப்பி ஏசியிருக்கலாம். ஆறுதல் சொல்கிறவனை என்ன செய்வது?

செல்லசாமி தோட்டத்து லொறி டிரைவர். ஆண்டியப்பன் தேயிலைத் தொழிற்சாலையில் பெட்டி அடிப்பவர். தொழிலாளர்களின் வரிசை வீடான லயத்தில் இருவருக்கும் அடுத்தடுத்த காம்பரா. நடுவில் ஒரு சுவர், அதுவும் கூரையைத் தொடாமல் பாதியிலேயே நின்றுவிட்ட சுவர். இந்தப் பக்கம் மிளகாய் வறுத்தால் அந்தப் பக்கம் தும்முவார்கள். அப்படி இருந்தும் இத்தனை காலம் இரண்டு வீட்டுக்கும் ஒரு சண்டை வந்ததில்லை.

ரஷ்யாக்காரன் ஒருவன் வானத்தைச் சுற்றிவிட்டு வந்த பிறகுதான் வினை வந்தது. ஹட்டனில் தேயிலைப் பெட்டிகளை இறக்கிவிட்டு வந்த செல்லசாமி, அந்தப் படம் போட்ட பத்திரிகையையும் கொண்டு வந்தான். லயமே அதைப் பார்த்து மலைத்துப்போனது. அடுத்த மாரியம்மன் திருவிழாவில், காகிதக் குழாயும் கூர் மூக்கும் மூன்று இறக்கையுமாக ஒரு சின்ன ரொக்கெட்டைக் கொண்டு வந்து, காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பிரட்டுக்களத்தில் நிறுத்தினான். கோயில் வாணத்தின் மருந்துதான் உள்ளே. பற்ற வைத்தான். அது தொழிற்சாலைப் புகைபோக்கியைத் தாண்டிப் போய், மேல் மலை மூடுபனிக்குள் காணாமல் போனது.

போனால் போகட்டும். ஆனால் ஆண்டியப்பனுக்குப் பக்கத்தில் நின்ற அவர் மனைவி மீனம்மா கழுத்தை ஒடித்துக்கொண்டு மேலே பார்த்தாள். வாயைப் பிளந்தபடி, "ஆத்தாடி, எம்புட்டு ஒசரம்" என்றாள்.

அந்த வாய்தான் ஆண்டியப்பனின் தூக்கத்தைக் கெடுத்தது. கல்யாணமான நாளிலிருந்து அவர் செய்த எதையும் பார்த்து அவள் அப்படி வாய் பிளந்ததில்லை. அவர் அடித்த பெட்டிகள் கப்பலேறி லண்டன் வரைக்கும் போகின்றன. யாராவது பெட்டியைப் பார்த்து ஆத்தாடி என்பார்களா? ஆசை ஆசையாக அவளுக்கு ஒரு முக்காலி செய்து கொடுத்தார். "நல்லாருக்குங்க" என்று சொல்லிவிட்டு அதன் மேல் உட்கார்ந்து வெங்காயம் உரித்தாள்.

ஆயுத பூசைக்குப் பிரட்டுக்களத்தில் யார் வேண்டுமானாலும் ரொக்கெட் விடலாம் என்று தொழிற்சாலை அதிகாரி டீமேக்கர் ஐயா சொல்லியிருந்தார். அன்றைக்கு மீனம்மா ஒரு தடவையாவது தன் ரொக்கெட்டைப் பார்த்து வாய் பிளக்க வேண்டும். ஆண்டியப்பன் அதைத் தவிர வேறொன்றும் கேட்கவில்லை.

சேவலுக்கு வால் போனதற்குக் காரணம் சின்ன இறக்கைதான் என்று முடிவு செய்தார். மர வேலை அவருக்குச் சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை. தேயிலைப் பெட்டிப் பலகையில் உள்ளங்கை அகலத்துக்கு நான்கு இறக்கை அறுத்து, குழாயின் அடியில் ஆணி வைத்தே அடித்தார்.

மீனம்மா அரிசி புடைப்பதை நிறுத்திவிட்டுப் பார்த்தாள். "என்னாங்க, வாலு கனமா இல்லையா?"

"ஒனக்கு என்னா தெரியும்?"

"கொழுந்துக் கூடைய இடுப்புல கட்டுனா ஆள மல்லாத்திப்புடும். கயித்தத் தலையில மாட்டுனாத்தான் மலையேற முடியுது. கனத்தக் கொஞ்சம் மூக்குல வச்சுப் பாருங்களேன்."

சுத்தியல் நின்றது. இந்த யோசனை இவளுக்கு எங்கிருந்து வந்தது? சுவருக்கு அந்தப் பக்கம் செல்லசாமி இருமினான். ஆண்டியப்பனுக்கு எல்லாம் விளங்கிவிட்டது.

"டிரைவர் சொல்லி அனுப்பிச்சானா?"

"அவரு எங்க சொன்னாரு, நானாத்தான்…"

"மூக்குல கனத்த வச்சா மூக்கு மண்ணுலதான் குத்தும். என் ரொக்கெட்டக் கவுக்கப் பாக்குறான். அதுக்கு நீ தூது."

மீனம்மா முறத்தைச் சுவரில் சாத்திவிட்டு ராக்காயி வீட்டுக்குப் போய்விட்டாள்.

பெரிய இறக்கை ரொக்கெட் கூரை உயரம் வரை ஒழுங்காகத்தான் போனது. அங்கே வால் தாங்காமல் குட்டிக்கரணம் போட்டுத் திரும்பி வந்து, பெரிய கங்காணியின் காயப்போட்ட வேட்டியில் படுத்துக்கொண்டது. பற்றிய தீயை ஆண்டியப்பன் அணைத்துவிட்டார். ஆனால் அந்த வேட்டியை இனிமேல் கங்காணி பின்பக்கம் திரும்பாமல்தான் கட்ட முடியும்.

"பரவாயில்லண்ணே" என்று ஆரம்பித்தான் செல்லசாமி.

"நீ பேசாதே தம்பி" என்றார் ஆண்டியப்பன்.

அடுத்ததாக அவருக்குப் பளபளப்பில்தான் சூட்சுமம் இருக்கிறது என்று பட்டது. பத்திரிகையில் இருந்த ரொக்கெட் பளபளத்தது, செல்லசாமியுடையதும் வழவழவென்று இருந்தது. பெட்டிக்குள் ஒட்டுகிற ஈயத்தாளைக் கொண்டு வந்து தலையிலிருந்து கால்வரை சுற்றினார். அதன்மேல் பெயின்ட் அடித்தார். பெயின்ட் காய்ந்ததும், கை பழக்க தோஷத்தில் எழுத்து வெட்டிய தகட்டை வைத்துத் தோட்டத்தின் பெயரையும் தூளின் ரகத்தையும் பெட்டியில் குத்துவதுபோல் குத்திவிட்டார்.

பற்ற வைத்தபோது அது புஸ்ஸென்று சீறியது. இம்மி நகரவில்லை. மருந்து தீரும்வரை நின்ற இடத்திலேயே சீறிவிட்டு ஓய்ந்தது.

"லொறி வரட்டும்னு நிக்குதாண்ணே?" என்று கேட்டாள் ராக்காயி.

அன்றிலிருந்து அவர் வீட்டில் பேசுவதைக் குறைத்துக்கொண்டார். அதிகம் பேசாதவருக்குக் கண்ணும் காதும் கூர்மையாகிவிடும். மலையிலிருந்து இறங்கியதும் மீனம்மா முகம் கழுவி, தலை சீவி, நேரே பக்கத்து வீட்டுக்குப் போவது தெரிந்தது. கட்டிலுக்கு அடியில் போட்டிருந்த மெல்லிய பலகைத் துண்டுகள் குறைவது தெரிந்தது. அவள் விரல்களில் பசை காய்ந்திருந்தது.

"கையில என்னா?"

"ராக்காயி ரொட்டிக்கு மா பெசையச் சொன்னா."

"தெனமும் ரொட்டியா?"

"அவங்களுக்கு ரொட்டின்னாப் புடிக்கும்."

சுவருக்கு மேலே உப்புத்தாள் தேய்க்கிற சத்தம் வந்தது. நடுநடுவே மீனம்மாவின் சிரிப்பும் வந்தது. அவர் வீட்டில் சிரிக்காத சிரிப்பு. செல்லசாமி ரொக்கெட் செய்ய, தன் பெண்டாட்டி அவனுக்குப் பசை கிண்டிக் கொடுக்கிறாள். வயிறு பற்றி எரிந்தது ஆண்டியப்பனுக்கு. போய்க் கேட்டுவிடலாம்தான். கேட்டால் பொறாமைக்காரன் என்பார்களே என்று பாயைப் போட்டுப் படுத்துக்கொண்டார்.

ஆயுத பூசை வந்தது. தொழிற்சாலையில் இயந்திரங்களைக் கழுவி மாலை போட்டிருந்தார்கள். தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தி, ஆண்டியப்பனின் சுத்தியல், வாசலில் நின்ற லொறி என்று எல்லாவற்றுக்கும் பூசாரி சிவசாமி சந்தனமும் குங்குமமும் வைத்துக்கொண்டு வந்தார். வரிசைக் கடைசியில் இரண்டு ரொக்கெட்டுகள் நின்றன.

செல்லசாமியின் ரொக்கெட்டை ஆண்டியப்பன் அப்போதுதான் கிட்டத்தில் பார்த்தார். வெள்ளை வெளேரென்று ஒல்லியாக இருந்தது. காகிதம் எங்கே தொடங்குகிறது, எங்கே முடிகிறது என்று தெரியவில்லை. இறக்கைகளைக் கொழுந்து இலை கனத்துக்கு இழைத்திருந்தது. தொழில் தெரிந்தவர் என்பதால் அதன் அழகு அவருக்குத்தான் அதிகம் வலித்தது.

பூசாரி கையிலிருந்த சந்தனமும் குங்குமமும் வைத்த கிண்ணத்தை ஆண்டியப்பன் வாங்கினார். "நீங்க இருங்க சாமி. தம்பி ரொக்கெட்டுக்கு நானே வைக்கிறேன்."

கூட்டம் நெகிழ்ந்துபோனது. ஆண்டியப்பன் ஒரு கை சந்தனத்தை அள்ளி ரொக்கெட்டின் மூக்கில் அப்பினார். இன்னொரு கை அள்ளினார்.

"போதும்ணே" என்றான் செல்லசாமி.

"சாமி காரியத்துல போதும்னு சொல்லலாமா தம்பி?"

மீனம்மா பெண்கள் பக்கமிருந்து முன்னால் வந்துவிட்டாள். முகம் வெளிறியிருந்தது. "என்னாங்க, அம்புட்டு வேணாங்க."

"அவன் ரொக்கெட்டுக்கு ஒனக்கு என்னா கவல?"

அவள் முந்தானையைக் கையில் சுருட்டிக்கொண்டு நின்றாள். அதற்காகவே இன்னொரு கை சந்தனம் வைத்தார். அதன் உச்சியில் கிண்ணத்திலிருந்த குங்குமம் முழுவதையும் கொட்டி அழுத்தினார். மூக்கு இப்போது விளாம்பழம்போல் இருந்தது.

பிரட்டுக்களத்தில் மலைக்காற்று அள்ளிக்கொண்டு போனது. முதலில் ஆண்டியப்பன் முறை. இந்தத் தடவை ஈயத்தாள் இல்லை, பெரிய இறக்கையும் இல்லை. மூக்குக்கு வெறும் காகிதக் கூம்புதான் வைத்திருந்தார். அது விருட்டென்று கிளம்பியது. ஆளுயரம் போனதும் காற்று ஒரு தட்டுத் தட்டியது. திரும்பியது, ஆண்டியப்பனைப் பார்த்து வந்தது. அவர் ஓடினார். அதுவும் ஓடியது. களத்தைச் சுற்றி வந்து அவர் சேற்றுத் தண்ணீர் ஓடும் கானுக்குள் குதித்தபோது அது தலைக்கு மேலே போய்த் தேயிலைச் செடியில் சொருகிக்கொண்டது. டீமேக்கர் ஐயா சிரித்த சிரிப்பில் மூக்குக்கண்ணாடி கழன்று விழுந்தது.

அடுத்து செல்லசாமி நெருப்பு வைத்தான். காற்று அப்போதும் குறையவில்லை. ரொக்கெட் ஒரு நொடி தயங்கியது. பிறகு அந்த மஞ்சள் மூக்கு வானத்தைக் குறிபார்த்துக் கிளம்பியது. காற்று தள்ளிப் பார்த்தது. அது சாயவில்லை. கனத்த தலையோடு நூல் பிடித்தாற்போல் நேராக ஏறி, போன தடவையைவிட மேலே போய், மேகத்துக்குள் நுழைந்து மறைந்தது.

"பாத்தீங்களா, சந்தனம் பேசுது" என்று பூசாரி கையெடுத்துக் கும்பிட்டார். "ஆண்டியப்பனுக்கு என்னா பெரிய மனசு" என்றார்கள் நாலு பேர். சேற்றோடு கானிலிருந்து ஏறிய ஆண்டியப்பன் மீனம்மாவைத்தான் பார்த்தார். அவள் கழுத்தை ஒடித்துக்கொண்டு, வாய் பிளந்து, கண்ணில் நீர் வழிய நின்றாள். ஒரு தடவைகூட அவர் பக்கம் திரும்பவில்லை.

அவருக்குள் என்னவோ முறிந்துவிட்டது. இனி எரிவதற்கு வயிற்றில் ஒன்றும் மிச்சமில்லை. நேரே செல்லசாமியிடம் போனார்.

"தம்பி, நான் தோத்துட்டேன். சந்தனத்தக் கெட்ட புத்தியிலதான் அப்புனேன், மன்னிச்சிரு. எனக்கு ஒரு ரொக்கெட் செய்யச் சொல்லிக் குடு. என்னோடதப் பாத்து மீனம்மா ஒரே ஒரு தடவ அப்புடி வாயத் தொறந்தாப் போதும்."

செல்லசாமி தலையைச் சொறிந்தான். தரையைப் பார்த்தான். அவனால் உண்மையைச் சொல்ல முடியாது என்று தெரிந்து, பின்னால் நின்ற ராக்காயி முன்னால் வந்தாள்.

"இவரு என்னாத்தச் சொல்லிக் குடுப்பாரு? இவருக்கு நெருப்பு வைக்க மட்டுந்தாண்ணே தெரியும். திருவிழாவுல போனதும், இப்பப் போனதும் மீனம்மா அக்கா செஞ்சது. ஒங்களுக்குப் பொறாம வந்துருமேன்னுதான் இவரு பேரச் சொல்லச் சொன்னிச்சு."