வாழை மரமான வரலாறு

நெருப்பைக் கண்டுபிடித்தவன் யார் என்பதை வரலாறு குறித்துவைக்கவில்லை. சக்கரத்தை முதலில் உருட்டியவனுக்கும் சிலை இல்லை. ஆனால், நெல்லும் வாழையும் எருமையும் நிறைந்த ஓர் ஊரை ஒரே ஓர் ஆணையால் நகரமாக்கிய மாமனிதர் யார் என்பதில் மட்டும் எவருக்கும் ஐயமில்லை. அவர், அக்காவின் தம்பி.

அக்கா வாழை பயிரிடுபவள். தம்பி நகராட்சித் தலைவரான நாளிலிருந்து அவளைவிட மூத்தவர்களும் அவளை ‘அக்கா’ என்றே அழைக்கத் தொடங்கியிருந்தனர். ஒரு பதவி குடும்பத்துக்குள் இவ்வளவு விரைவாகப் பரவும் என்பதை அவள் அதற்கு முன் அறிந்ததில்லை.

நகரமான பிறகு ஊர் அடைந்த முன்னேற்றத்தைச் சொல்லி மாளாது. முன்பு தெருவின் நடுவில் எருமை படுத்திருக்கும். இப்போது அதே இடத்தில் அதே எருமை ‘போக்குவரத்து இடையூறு’ என்ற தகுதியோடு படுத்திருந்தது. உரக்கிடங்காக இருந்த கட்டடம் நகர்மன்றக் கூடமாக உயர்ந்தது. எத்தனை முறை வெள்ளையடித்தும் பழைய உரத்தின் நெடி சுவரை விட்டுப் போகவில்லை; ஆதலால் உறுப்பினர்கள் கண்கலங்கியபடியே தீர்மானங்களை நிறைவேற்றினர். வெளியூரார் அதைப் பொதுநலத்தின்மீது கொண்ட உருக்கம் என்று கருதினர்.

எல்லாவற்றுக்கும் மேலான முன்னேற்றம், ஊர்ப் பெரியவர்கள் விவசாயத்தை மறந்ததுதான். மறப்பது எளிதன்று. துணைத் தலைவர் விடிந்ததும் வயலுக்குத் தண்ணீர் பாய்ச்சுவார், சேற்றைக் கழுவுவார், காலணி அணிந்து கூட்டத்துக்கு வந்து, “நெல்லுங்கறது செடியா, கொடியா?” என்று கேட்பார். அந்த உழைப்பை மெச்சாதவர் இல்லை.

இந்த மறதி உச்சத்தில் இருந்தபோதுதான் ‘பசுமை நகர’ விருதுக்கான மரக் கணக்கெடுப்பு நடந்தது. கணக்கெடுத்தவர் நகராட்சி ஆணையர். தொலைவிலுள்ள பெருநகரத்தில், அடுக்குமாடி வீட்டின் உச்சித் தளத்தில் பிறந்து வளர்ந்தவர், நேர்மையானவர். நகராட்சியில் அவர் ஒருவருக்குத்தான் மறப்பதற்கு எதுவும் இல்லை. அவர் வாழைத் தோப்புகளுக்குள் நுழைந்து, ஒவ்வொரு வாழையையும் மரம் என்று எண்ணி, ஒவ்வொன்றிலும் எண் பொறித்த தகரத் தகட்டைக் கட்டினார்.

உடன் சென்ற உறுப்பினர்கள் தோப்பிலேயே பிறந்தவர்கள். வாழை ஒரு முறை குலை தள்ளினால் அதன் கதை முடிந்தது என்பதை நடக்கப் பழகுமுன் அறிந்தவர்கள். ஆனால், “ஐயா, இது மரமில்லைங்க” என்று ஒருவர் வாய் திறந்தால், திறந்த வாய் கிராமத்து வாய் என்பது வெளிப்பட்டுவிடுமே! ஆகவே, எல்லோரும் தலையை ஆட்டினர். ஊரில் பல்லாயிரம் மரங்கள் ஒரே வாரத்தில் வளர்ந்தன. அடுத்த வாரமே மரம் வெட்டத் தடை வந்தது.

அப்போது அக்காவின் தோப்பில் குலைகள் திரண்டு நின்றன. பச்சையாக இருக்கும்போதே அறுத்து லாரியில் ஏற்ற வேண்டும். நிறம் மாறிவிட்டால் வியாபாரி தொடமாட்டார். ஆண்டு முழுவதும் அவள் பட்ட பாடு கரையேறுவதும் அழுகிப்போவதும் அந்தச் சில நாள்களில்தான் இருந்தது. அவள் நேரே நகர்மன்றக் கூடத்துக்குள் நுழைந்தாள்.

“டேய் தம்பி, எனக்குக் குலை வெட்டணும்.”

தலைவர் தாழ்ந்த குரலில், “அக்கா, கூட்டம் நடக்குது. ‘தலைவர் அவர்களே’ன்னு சொல்லு” என்றார்.

“சரி. தலைவர் அவர்களே, எனக்குக் குலை வெட்டணும்டா.”

ஆணையர் மரியாதையோடு எழுந்தார். “அம்மா, குலைன்னா என்ன?”

“வாழையில தொங்குமே, அது.”

“மரத்துலேருந்து வெளியே நீண்டு வளருதா?”

“ஆமா.”

“அப்ப அது கிளை. கிளையை வெட்டவும் தடை இருக்கும்மா.”

“கிளையா? அந்தக் கிளையைத் தின்னுதான் இவன் வளர்ந்தான். கேட்டுப் பாருங்க!”

ஆணையர் தலைவரைப் பார்த்தார். தலைவர் கூரையைப் பார்த்தார். “சின்ன வயசுல என்னத்தைத் தின்னேன்னு யாருக்கு ஞாபகம் இருக்கு?” என்றார்.

துணைத் தலைவர் கண்களைத் துடைத்துக்கொண்டு, “ஒரு குழு போய்ப் பார்த்துட்டு வரட்டும்” என்று முன்மொழிந்தார். வழிமொழிய எழுந்த உறுப்பினர், உர நெடி தாளாமல் தும்மினார். தும்மல் ஏற்கப்பட்டது.

குழு மறுநாளே தோப்புக்கு வந்தது. அத்தகைய விரைவு கிராமங்களில் காணக்கிடைக்காது. துணைத் தலைவரின் விரல்கள் தாமாகவே ஒரு காயை அழுத்திப் பார்த்தன. “இன்னிக்கே வெட்டலே…” என்று தொடங்கியவர், ஆணையரின் நிழலைக் கண்டு, அதை ஓர் இருமலாக முடித்தார்.

“இந்த மரத்துக்கு என்ன வயசு இருக்கும்?” என்று ஆணையர் கேட்டார்.

“வெச்சு ஒரு வருஷம்கூட ஆகலை” என்றாள் அக்கா.

“ஒரு வருஷத்துல இவ்வளவு உயரமா! நகராட்சி ஆனதும் மரமெல்லாம் எப்படி வளருது பார்த்தீங்களா?” அவர் குனிந்து பக்கக்கன்றைத் தொட்டார். “இது?”

“கன்னு. தாயை வெட்டிச் சாய்ச்சாத்தான் அது நல்லா எழும்பி வரும்.”

ஆணையரின் முகம் வெளுத்தது. “குழந்தை கண்ணெதிரேயே தாயை வெட்டறதா? நீங்களும் ஒரு தாய்தானேம்மா?”

உறுப்பினர்கள் தலைகுனிந்தனர். அவர்களில் இருவர் சிரிப்பை அடக்கினர். அதுவும் பார்ப்பதற்குத் துக்கம்போலவே இருந்தது. இவ்வளவு நுட்பமான சிக்கலைக் குழு மட்டும் தீர்த்துவிட முடியாது, பொது விசாரணை ஒன்று நடத்தியே ஆகவேண்டும் என்று அங்கேயே முடிவாயிற்று.

விசாரணைக்கு நாள் குறிப்பதற்குள் தோப்பில் பாதிக்குமேல் மஞ்சளாகிவிட்டது. பழுப்பதற்கும் அனுமதி பெற வேண்டும் என்று சட்டம் இயற்றத் தவறியது நகராட்சியின் ஒரே பிழை. கிளிகள் வந்தன, அணில்கள் வந்தன, குரங்குகள் குடும்பத்தோடு வந்து தங்கின. அக்காவின் உதவிக்கு வந்தவர், பக்கத்துத் தோப்புக்காரரான விசில்காரர் ஒருவர்தான். பள்ளியில் உடற்பயிற்சி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். பணி போன பிறகும் கழுத்திலிருந்து விசில் போகவில்லை. அவர் தம் தோப்பை விட்டுவிட்டு அவள் தோப்பில் பகலெல்லாம் ஊதினார்.

“உங்க தோப்பைப் பாருங்கண்ணே, எனக்காக ஏன் மூச்சை விடறீங்க?”

“என்னுது இன்னும் பச்சைதாம்மா. உன்னோடதுதானே முதல்ல போகுது?” அவர் ஒரு தாய்க்குரங்கை நோக்கி நீளமாக ஊதினார். அது திரும்பிப் பார்த்துவிட்டு மறுபடி உரிக்கத் தொடங்கியது. “என்கிட்டப் படிச்ச பசங்களும் இப்படித்தான். விசிலுக்குத் திரும்பிப் பார்ப்பாங்க. அதோட சரி.”

ஆணையர் ஜீப்பில் வந்து இறங்கி, இந்தக் காட்சியைக் கண்டு மெய்சிலிர்த்தார். “பல்லுயிர்ப் பெருக்கம்!” என்றார். “இதுக்குன்னே தனி விருது இருக்கு!” வனவிலங்குகளை விசில் ஊதி அச்சுறுத்தியதற்காக விசில்காரரைக் கடிந்துகொண்டார். மரங்கள் பொதுவழியில் பழம் உதிர்த்து அசுத்தம் செய்வதைத் தடுக்கும்படி அக்காவையும் கேட்டுக்கொண்டார். “மரத்துக்கிட்ட நீங்களே சொல்லிடுங்களேன்” என்றாள் அக்கா. அவர் அதைப் பரிசீலிப்பதாக வாக்களித்தார்.

விசாரணை நாள் வந்தது. அக்கா காலையிலேயே கூடத்துக்குப் போனாள். ஆணையர் மட்டும் தனியாக அமர்ந்து கண்ணீரைத் துடைத்துக்கொண்டிருந்தார். சுற்றிலும் காலி நாற்காலிகள்.

“எல்லாரும் எங்கே?”

“ஒவ்வொருத்தருக்கும் உடம்பு சரியில்லையாம்மா. தலைவருக்கும்தான். ஊர்ல ஏதோ காய்ச்சல் பரவுது போல. நான் போய் ஒவ்வொருத்தரா நலம் விசாரிச்சுட்டு வரேன்.”

தம்பிக்குக் காய்ச்சல் என்றதும் அக்காவின் கோபம் பாதி இறங்கிவிட்டது. கஷாயம் வைத்துக் கொடுக்கலாம் என்று எண்ணியபடி திரும்பி நடந்தவள், தோப்பருகே வியாபாரியின் லாரியைக் கண்டாள். லாரி நின்றது அவள் தோப்பில் இல்லை. அவள் வேலிக்கு அப்பால், தம்பியின் தோப்பில். தகப்பன் நிலத்தைப் பாகம் பிரித்தபோது இருவருக்கும் நடுவே விழுந்த வேலி அது. அந்த வேலியோரம் ஒரு புதுக் கல் முளைத்திருந்தது.

நோயாளிகள் அனைவரும் அங்கே இருந்தனர். துணைத் தலைவர் ஒரே வெட்டில் வாழையைப் பாதி சாய்த்தார். தணிந்து வந்த குலையை நிலத்தில் படாமல் தோளில் வாங்கினார். காம்பை நறுக்கித் தலைக்கு ஏற்றிக்கொண்டு லாரிக்கு ஓடினார். தலைவர் இடுப்பில் துண்டும் கையில் அரிவாளுமாக, “காயில கீறல் விழாமப் பார்த்துய்யா!” என்று கூவிக்கொண்டிருந்தார்.

“தம்பி!”

“அட, அக்காவா? விசாரணை அதுக்குள்ள முடிஞ்சுதா?”

“உன் வாழை மட்டும் எப்படிடா இன்னும் வாழையாவே இருக்கு?”

“இது கிராமம்க்கா. நகரம் அந்தக் கல்லோட முடிஞ்சுது. தீர்மானத்துல தெளிவா இருக்கு: கல் எங்கே நிக்குதோ அதுவரைக்கும்தான் நகரம். நானே எழுதினது.”

“கல்லை நட்டது யாரு?”

“அதுவும் நான்தான். நேரா நட்டுக்கிட்டே வந்தேன்க்கா. என் வேலி வந்துச்சா, கை வலிச்சுது.”

“சரி, எனக்கு இன்னும் பாதிக் குலை பச்சையா நிக்குது. வேலியைத் தாண்டி வந்து வெட்டிக் குடுடா.”

“வரலாம்க்கா. ஆனா தாண்டிட்டா நான் தலைவராயிடுவேனே!” என்று அவர் உண்மையான வருத்தத்தோடு சொன்னார்.

அக்கா கல்லை நோக்கி நடந்தாள். குலை சுமந்து பழகிய தோள் அவளுடையது. கல்லை ஆட்டிப் பிடுங்கினாள், தோளில் ஏற்றினாள், தம்பியின் தோப்பை நடுவே கடந்து, லாரியையும் கடந்து, அதன் மறுகோடியில் கல்லைத் தொப்பென்று போட்டாள்.

“இப்ப எல்லாரும் நகரத்துல நிக்கறீங்க. யாரு கையில என்ன இருக்கு, சொல்லுங்க பார்ப்போம்!”

நகர்மன்றம் உறைந்தது. “என் தலைமேல இருக்கறது என்னன்னே எனக்குத் தெரியலையே!” என்று ஓர் உறுப்பினர் அலறினார். இன்னொருவர் தாம் பாதி வெட்டிய வாழையைக் கட்டிப்பிடித்து நிமிர்த்தி, அது தானாக நிற்பதுபோல் அதன் பின்னால் ஒளிந்தார். வியாபாரி, “ஐயா, மரம் வெட்ட அனுமதி வாங்கிட்டீங்கதானே?” என்று மெல்லக் கேட்டார். அதே வேளையில், நலம் விசாரிக்கக் கிளம்பிய ஆணையரின் ஜீப் சாலையில் ஒலியெழுப்பியது.

“அக்கா! கல்லைப் பழைய இடத்துலயே வெச்சுடு. உன் கால்ல விழறேன்!”

“பழைய இடத்துல வெக்க முடியாது. என் தோப்புக்கு அந்தாண்ட வேணும்னா வெக்கலாம்.”

“முன்மொழியறேன்!” என்றார் தலைவர்.

“வழிமொழியறேன்!” என்றார் குலைக்கு அடியிலிருந்து துணைத் தலைவர்.

அந்த நகர்மன்றம் ஒரு தீர்மானத்தை நிறைவேற்றிய அன்றே செயல்படுத்தியது அந்த ஒரு முறைதான். உறுப்பினர்கள் அத்தனை பேரும் கல்லைத் தூக்கிக்கொண்டு, இரண்டு தோப்புகளையும் மூச்சிரைக்கக் கடந்து, அக்காவின் தோப்புக்கும் விசில்காரரின் தோப்புக்கும் நடுவே நட்டனர். ஜீப் வந்து நிற்கவும் கல் நிற்கவும் சரியாக இருந்தது.

ஆணையர் இறங்கினார், கல்லைக் கண்டார், கால்விரல் கல்லைத் தாண்டாமல் நின்று கும்பிட்டார். “கிராமத்து மக்களே, வணக்கம். எங்க நகர்மன்ற உறுப்பினர்களை வீட்டுல காணோம். இந்தப் பக்கம் பார்த்தீங்களா?”

எல்லைக்கு அப்பாலுள்ள முகங்களை அடையாளம் காண அவருக்கு அதிகாரம் இல்லை. ஆகவே, அவர் காணவில்லை. தலைவர் துண்டைத் தலையில் கட்டிக்கொண்டு, “இல்லீங்கய்யா. நாங்க விவசாயம் பண்றவங்க, எங்களுக்கு என்ன தெரியும்?” என்றார்.

“கவலைப்படாதீங்க. ஒரு நாள் நகரம் உங்ககிட்டயும் வந்து சேரும்” என்று ஆறுதல் கூறிவிட்டு ஆணையர் ஜீப்பைத் திருப்பினார்.

அதன்பின் வேலை பறந்தது. அக்காவின் தோப்பில் எஞ்சியிருந்த பச்சைக் குலைகளை நகர்மன்றமே அறுத்தது, நகர்மன்றமே சுமந்தது. லாரி நிறைந்துகொண்டே வந்தது. இன்னும் பத்துப் பதினைந்து குலைகளுக்கு இடமிருந்தது. அக்காவின் தோப்பிலும் அவ்வளவு குலைகள் மிச்சமிருந்தன.

அப்போது கல்லுக்கு அந்தப் பக்கம் விசில்காரர் வந்து நின்றார். ஊதி ஊதி அவர் குரல் கம்மியிருந்தது.

“அம்மா, இந்தக் கல்லை இன்னும் ஒரு தோப்பு தள்ளி வெக்கச் சொல்லேன். என்னுதும் இன்னிக்குக் காலையிலேருந்து நிறம் மாறுது.”

அக்கா லாரியைப் பார்த்தாள். தன் குலைகளைப் பார்த்தாள். பிறகு கல்லுக்கு மேலாக அவர் தோப்பை ஏறிட்டு, கண்களை இடுக்கிக்கொண்டு, மிகுந்த மரியாதையோடு கேட்டாள்:

“ஏண்ணே, அதெல்லாம் என்ன மரம்?”

அன்றுதான் அந்த நகராட்சிக்கு ஒரு முழுமையான குடிமகள் கிடைத்தாள்.